வீட்டிலேயே ஜெபிக்கிறவர்களுக்கு ஒரு மறுப்பு

ஹட்டனிலிருந்து டிக்கோயாவைத் தாண்டிச் செல்லும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில், மேற்கணக்கைச் சேர்ந்த முதியவர் ஒருவரின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். மூன்று நாள் விடாத மழை. லயத்திலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் வழி கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. பெட்டியைத் தூக்கியவர்கள் எண்மர். இடையிடையே தோள் மாற்றிக்கொள்ள இன்னும் எண்மர். குழிக்குள் நீர் ஊறிக்கொண்டே இருந்ததால் இரண்டு இளைஞர்கள் வாளியால் இறைத்தபடி நின்றார்கள். போதகரின் தலைக்கு மேல் ஒருவர் குடை பிடித்தார். இன்னொருவர் தம் தலை நனைவதைப் பொருட்படுத்தாமல் ஒரு கைபேசிக்குக் குடை பிடித்தார். அந்தக் கைபேசியின் மறுமுனையில், டொராண்டோவில், இறந்தவரின் ஒரே மகன் அழுதுகொண்டிருந்தார்.

அந்த மகனை எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் சந்தித்தபோது நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். "அண்ணே, நான் இப்ப எந்தச் சபைக்கும் போறதில்ல. எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல ஆள் எதுக்கு? வீட்டுலேயே ஜெபிக்கிறேன். நல்ல பிரசங்கம் வேணும்னா இணையத்துல கேட்டுக்கிறேன்" என்றார். அப்போது நான் மறுத்துப் பேசவில்லை. பத்திரிகைக்காரனுக்கு உள்ள தொழிற்பழக்கம், பிறர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது. ஆனால் அந்தக் குழியருகே நின்றபோது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. அவருக்கு மட்டுமன்று, இலண்டனிலும் பாரிசிலும் சென்னையிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு இதே வாசகத்தை என்னிடம் சொன்ன பலருக்கும் அதுவே பதில்.

பதில் இதுதான்: நீங்கள் போகாத ஆலயம் உங்கள் தந்தையின் அடக்க நாளில் திறந்திருந்தது. அது தானாகத் திறந்திருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சிலர் அங்கே போய்க்கொண்டிருந்ததால் திறந்திருந்தது.

இதைச் சொல்ல எனக்கு உள்ள தகுதி பக்தியன்று, குற்றவுணர்வு. நானும் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆலயப் படி மிதிக்காதவன். சனிக்கிழமை இரவுகளில் ஞாயிறு இதழ் அச்சேறும்வரை அலுவலகத்தில் இருப்பேன், காலையில் தூங்குவேன். முதலில் அது வேலையின் நிர்ப்பந்தம். பிறகு வசதி. அதற்கும் பிறகு கொள்கை. சோம்பல் தன்னைக் கொள்கையாக உயர்த்திக்கொள்ள எடுக்கும் காலம் மிகச் சிறிது என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். பின்னர் என் தந்தை இறந்தார். கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் நான் தோட்டம் போய்ச் சேருமுன்னரே பெட்டி வந்திருந்தது, குழி வெட்டப்பட்டிருந்தது, சாவுவீட்டில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. "எங்கேடா போயிருந்தாய் இத்தனை வருடம்?" என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் இன்றும் உறுத்துகிறது.

*

மலையகத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் மனிதனின் பெயர் மட்டுமன்று. ஒரு நாள் வேலைக்குரிய பதிவும் பேர்தான். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், குறித்த அளவு கொழுந்து பறித்து நிறுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். "இந்த மாதம் எத்தனை பேர்?" என்பதுதான் சம்பளத்துக்கு முன் எழும் கேள்வி. முழு மனுஷி ஒருத்தி மழையில் நனைந்து, அட்டைக் கடியைத் தாங்கி, மலை ஏறி இறங்கி வந்த பின்னும் அரைப்பேராகி நிற்கும் கணக்கு அது.

ஐந்து தலைமுறைகளுக்கும் மேலாக எம் மக்களை எண்ணிய ஏடு இந்தச் செக்ரோல். நாடு எண்ண மறுத்த காலமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை ஒரு கணக்காகப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அங்கும் 'பேர்' என்பது எண்ணிக்கையாகவே இருந்தது.

இவற்றுக்கு நடுவே இன்னோர் ஏடும் இருந்தது. சபைப் பதிவேடு. அதில் அரைப்பேர் கிடையாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் என்று ஒரு வாழ்வு முழுவதும் அதில் வரிவரியாக இருக்கும். கொழுந்து பறிக்க இயலாத கிழவியின் பெயரும் அதில் முழுப்பெயரே. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இறையியல் விளக்கங்களெல்லாம் முடிந்த பிறகு வருவது ஏறக்குறைய ஒரு பெயர்ப் பட்டியல். அடிமைகளுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர்கள் அதில் பல உண்டு என்று ஆய்வாளர் சொல்வர். உரோமைப் பேரரசு உடைமையாக எண்ணிய மனிதர்களை ஒருவர் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். சபை என்பது என்னவென்று அறிய அந்தப் பட்டியலைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

வீட்டிலே தனியே ஜெபிக்கிறவரின் பெயர் தேவனுக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் வராதபோது, "அவர் பெயர் என்ன, ஏன் வரவில்லை?" என்று கேட்க அவருக்கு மனிதர் இருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

*

இனி எதிர்வாதங்கள். அவை அற்பமானவை என்று நான் சொல்லமாட்டேன்.

சபைகள் கறைபட்டவை என்பது முதல் வாதம். முழு உண்மை. மலையகச் சபையின் பிறப்பிலேயே கறை உண்டு. தேயிலைக்கு முன்னைய கோப்பிக் காலத்தில், 1854ஆம் ஆண்டு, துரைமாரின் முயற்சியோடு தொடங்கிய ஊழியத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. நற்செய்தியின் வாசலிலேயே 'கூலி' என்று எழுதி வைத்தவர்கள்! நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. டிக்கோயாவில் உள்ள வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்தது. பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலய முற்றத்தில் 1879இல் இறந்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் துயில்கிறார். அவருடைய கல்லறையை இன்றும் வெளிநாட்டார் தேடி வருகிறார்கள். அந்தக் காலத்தில் இந்த மலைகளைத் திருத்திச் செத்த நம் முன்னோரில் எத்தனை பேருக்குக் கல் நட்டார்கள்? தேயிலைக்கடியில் கிடப்பவர்களுக்கு விலாசம் இல்லை.

அந்த அநீதியோடு சாதியும் சேர்ந்தது. ஒரே கிண்ணத்தில் திருவிருந்து அருந்திவிட்டு, பெண் கொடுக்கும்போது சாதி விசாரிக்கிற கிறிஸ்தவன் மலையகத்திலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு, திருநெல்வேலியிலும் உண்டு. காணிக்கைக் கணக்கு, கட்டடக் குழுத் தேர்தல், யார் பிரசங்க பீடம் ஏறுவது என்ற போட்டி ஆகியவற்றையெல்லாம் நேரில் கண்டவன் நான்.

ஆனால் கறையைக் காட்டி வீட்டுக்குப் போய்விடச் சொல்லும் வாதத்தைப் பவுல் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறார உண்டார்கள். ஏழைகள் பசியோடு நின்றார்கள். நீங்கள் கூடுவது நன்மையைவிடத் தீமையையே விளைவிக்கிறது என்று பவுல் முகத்துக்கு நேரே எழுதினார். அந்தக் கோபத்தின் முடிவில் அவர் சொன்ன மருந்து என்ன? ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியே அப்பம் பிட்டுக்கொள்ளுங்கள் என்பதன்று. கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே. நோய் கூட்டத்தில் உண்டாகிறது. சிகிச்சையும் அங்கேதான் நடக்க வேண்டும். வெளியேறியவனின் நியாயமான கோபம் சபையை ஓர் அங்குலமும் திருத்தியதில்லை. சாதி பார்ப்பவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். சாதியை எதிர்ப்பவர் மட்டும் மனம் வெறுத்து வெளியே போய்விடுகிறார். இது யாருக்கு வெற்றி?

அந்தக் கூலி மிஷனின் கதையும் துரைமார் நினைத்தபடி முடியவில்லை. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந்தோட்டமாக நடந்தார்கள். எழுத்தறியா மக்களுக்கு எழுத்துக் கற்பித்தார்கள். வேதம் வாசிக்கக் கற்றவன் சம்பளச் சீட்டையும் வாசிக்கக் கற்றான். பிறகு துண்டுப் பிரசுரத்தையும் வாசித்தான். ஹட்டனில் 1892இல் மெதடிஸ்தார் தொடங்கிய ஹைலன்ட்ஸ் கல்லூரியின் வகுப்பறைகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளைவிடச் சைவப் பிள்ளைகளே அதிகம் படித்து முன்னேறினார்கள். 1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கஸ்பெர்ஸ், அதே ஆண்டு பதுளையின் முதல் ஆயராகப் பொறுப்பேற்ற லியோ நாணயக்கார ஆகிய இருவரும் தமிழரல்லர். எனினும் தோட்டத் தொழிலாளிக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவனுக்கும் இடையே பாலம் கட்ட வாழ்நாளைச் செலவிட்டார்கள். 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தபோது, கிறிஸ்தவப் போதகர்களும் அதில் நடந்தார்கள். இவையெல்லாம் ஒரு சபையின் கட்டுக்குள்ளும் கடமைக்குள்ளும் உருவான மனிதர்களின் வேலைகள். தனியே தியானித்து மனநிறைவு கண்டவர்களிடமிருந்து இத்தகைய வேலைகள் பிறந்ததை நான் அதிகம் காணவில்லை.

அடுத்த வாதம், கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்பது. கிடைக்கிறது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது அதுவே நமக்குத் துணையாகவும் இருந்தது, அதைப் பழிக்கமாட்டேன். ஆனால் அந்த நாட்களில் லய வீடுகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஒரு கைபேசி, அதில் மூன்று பிள்ளைகளின் பாடம். சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாம் பார்த்தோம். அந்த வீட்டாருக்கு இணைய ஆராதனை என்பது பட்டணத்தாரின் பேச்சு. அவர்களுக்குச் சபையாக இருந்தது, பக்கத்து லயத்திலிருந்து அரிசிப் பையோடு வந்த மனிதர்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நுவரெலியாவும் பதுளையும் கண்டியும் மண்சரிவில் சிதைந்தன. பாதைகள் அறுந்தன, மின்சாரம் இல்லை, பல இடங்களில் கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. உலகப் புகழ்பெற்ற பிரசங்கியாரின் குரல் அன்று ஒரு லயத்தையும் எட்டவில்லை. கோவில் மண்டபங்களும் பாடசாலைகளும் விகாரைகளும் ஆலயங்களும்தான் மக்களுக்குக் கூரையாயின. இருட்டில் ஒரு லயத்தில் எத்தனை உயிர்கள் இருக்கின்றன, எந்த வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் கிழவர் இருக்கிறார், எந்தப் பெண் நிறைமாதம் என்று அறிந்தவர்கள், வழக்கமாக அந்த வீடுகளுக்குப் போய் வருகிறவர்கள் மட்டுமே. அந்த அறிவை ஆபத்து வந்த பிறகு தேடிக்கொள்ள முடியாது. வாராவாரம் முகம் பார்த்துச் சேர்த்து வைத்தால்தான் உண்டு.

மூன்றாம் வாதம் சற்று நுட்பமானது: "எனக்கு விசுவாசத்திலேயே ஐயங்கள் உண்டு, ஐயத்தோடு போய் உட்காருவது கபடம் ஆகாதா?" இதற்குத் தமிழ்நாட்டின் அப்போஸ்தலர் என்று மரபு கூறும் தோமாவே பதில் சொல்வார். உயிர்த்த இயேசு முதலில் சீடர்களிடம் வந்த மாலையில் தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனால் நம்பாதவராகவே அடுத்த வாரம் அவர்களோடு வந்து இருந்தார். அவர்களும் அவரை வெளியே தள்ளவில்லை. அவருடைய ஐயம் தீர்ந்தது அந்த அறையில்தான். ஐயமுள்ளவரே, உமக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. உமது விசுவாசம் தளரும் வாரத்தில் பக்கத்தில் நிற்பவர் பாடுவார். அவர் தளரும் வாரத்தில் நீர் பாடுவீர். தனியே இருப்பவருக்கு இந்த மாற்றுத் தோள் கிடையாது.

*

ஜெர்மனியில் நாத்சிகளுக்கு எதிராக நின்ற போஃன்ஹோபர், 1937இல் காவலர்கள் மூடிவிட்ட தம் குருமடத்தின் வாழ்வை நினைத்து, 1939இல் கூட்டு வாழ்வைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மற்றொரு கிறிஸ்தவனை நேரில் காண வாய்ப்பது உரிமையன்று, கொடை. சிறையில் இருப்பவனுக்கும் நோயாளிக்கும் தொலைவில் தனித்திருப்பவனுக்கும் அதன் அருமை தெரியும் என்பது அதன் சாரம். பின்னர் அவரே சிறையில் தனித்திருந்து, 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கொடையை, தடுப்பார் யாருமின்றி, ஞாயிறு காலைத் தூக்கத்துக்காக நாம் விற்றுவிடுகிறோம்.

நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் மாண்டவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடிந்து நின்ற சிறுவர்கள். "வீட்டிலேயே ஜெபித்திருக்கலாமே" என்று சொல்ல உலகிலேயே அதிக நியாயம் உள்ளவர்கள் அந்தப் பெற்றோர். அந்தச் சபை கலைந்துவிடவில்லை. வேறிடத்தில் கூடி வழிபட்டது. அவர்கள் எதைத் தேடிக் கூடினார்கள்? நல்ல பிரசங்கத்தையா? அந்தத் துக்கத்தைத் தனியே சுமக்க ஒரு மனிதனாலும் முடியாது என்பதே விடை.

விதிவிலக்குகளை மறுக்கவில்லை. படுக்கையில் கிடப்பவரிடம் சபைதான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணிடம், 'ஓய்வுநாளை மீறினாய்' என்று சொல்லப் பிரசங்க பீடத்துக்கு உரிமை இல்லை; அவளுக்கு வசதியான மாலைவேளையில் கூடுவது சபையின் கடமை. சபைக்குள்ளேயே துன்புறுத்தப்பட்டவர், ஊழியரால் ஏமாற்றப்பட்டவர், அந்த வாசலுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவர் வேறு வாசல் தேடட்டும். அவருக்கு நீதி செய்யாத சபை முதலில் மனந்திரும்பட்டும். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தைப் பிரம்பாக எடுத்து வீசும் போதகர்கள், அந்த இடத்தில் சொல்லப்பட்டிருப்பது ஒருவரையொருவர் அன்புக்கும் நற்செயலுக்கும் தூண்டுவதைப் பற்றி என்பதை மறக்கலாகாது. வந்தவர்களின் காணிக்கையை எண்ணத் தெரிந்த சபை, வராதவர்களையும் எண்ணக் கற்க வேண்டும்.

சிறுவயதில் ஹட்டன் ரயில் நிலையத்தில் கண்ட ஒரு காட்சியோடு முடிக்கிறேன். தாயகம் திரும்புகிறவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் செல்லும் ரயிலை எங்கள் மக்கள் 'அழுகைக் கோச்சி' என்பார்கள். ஏறுகிறவர்களும் அழுவார்கள், நிற்கிறவர்களும் அழுவார்கள். எங்கள் லயத்துக் குடும்பம் ஒன்று அன்று ஏறியது. தகரப்பெட்டி, பாய்ச்சுருள், பயணக் கடவுச்சீட்டு. அதோடு அந்த வீட்டுத் தாத்தா சட்டைப்பையிலிருந்து அடிக்கொருதரம் எடுத்துப் பார்த்துக்கொண்ட ஒரு கடிதம். அவர்கள் குடியேறப்போகும் நீலகிரிப் பக்கத்துச் சபைக்கு எங்கள் போதகர் எழுதிக் கொடுத்த அறிமுகக் கடிதம் அது. இன்னார் எங்கள் சபையைச் சேர்ந்தவர், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான்கு வரி. இரண்டு அரசாங்கங்கள் அவரை ஓர் எண்ணாக்கி இடம் மாற்றின. அந்த நான்கு வரியில்தான் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அக்கரையில் அதைச் சொல்லி அழைக்க ஆட்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது.

டொராண்டோ தம்பிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு, அருகிலுள்ள ஆலயத்துக்குப் போங்கள். கடைசி வாங்கில் உட்காருங்கள். பாட்டு சுருதி தப்பும், பிரசங்கம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த வாரமும் போங்கள். ஒரு வாரம் நீங்கள் போகத் தவறும்போது, "போன கிழமை உங்களைக் காணோமே?" என்று யாராவது கேட்பார். பக்கத்தில் இருந்தவர் வராதபோது நீங்களும் அப்படிக் கேளுங்கள். உங்கள் தந்தையின் குழியில் ஊறிய நீரை வாளியால் இறைத்த அந்த இரண்டு இளைஞர்களும் அப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தாம்.